ஒரே கெளுத்தியில் 59 நாடாப்புழுவா?

வாசகர் கேள்வி:
"நம் நாட்டுக் கெளுத்தியின் குடலில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடாப்புழு இனங்கள் பதிவாகியிருப்பதாகப் படித்தேன். பட்டியலையும் தேடிப் பார்த்தேன், பொய்யில்லை. ஒரே மீனுக்குள் இத்தனை என்றால் நன்னீர் மீன் ஒட்டுண்ணிகளில் உலகிலேயே இந்தியாவுக்குத்தான் முதலிடம், இல்லையா?"

ஜூன் 11, காலை

பட்டியல் உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் நிற்காது.

கிளாரியாஸ் என்கிற அந்தக் கருப்புக் கெளுத்தியிலிருந்து, இந்தியா, வங்கதேசம், தாய்லாந்து, இந்தோனேசியா எல்லாம் சேர்த்து 59 பெயர்கள் புத்தகங்களில் ஏறியிருந்தன. 2011ல் அனிர்பன் ஆஷ், தோமாஷ் ஷோல்ஸ் என்ற ஒட்டுண்ணி ஆய்வாளர்களின் குழு மேற்கு வங்கத்திலும் இந்தோனேசியாவிலும் புதிதாகப் புழு சேகரித்து, கிடைத்த பழைய ஸ்லைடுகளோடு வைத்துச் சரிபார்த்தது. தேறியவை 8. மீதி எல்லாம் அந்த எட்டுக்கே வெவ்வேறு ஆட்கள் வைத்த மறுபெயர்கள், அல்லது எதுவென்று தீர்மானிக்கவே முடியாதவை.

59க்கு 8 என்பது எங்கள் பி.எஸ்சி. இரண்டாம் பருவத் தேர்ச்சி விகிதத்தைவிட மோசம்.

ஜூன் 11, இரவு

"அத்தனை பேரும் ஏமாற்றினார்களா" என்று ஒருவர் கேட்கிறார். ஏமாற்று இல்லை. புழுவை எப்படிக் கொன்றார்கள் என்று பாருங்கள், பாதி விஷயம் புரிந்துவிடும்.

கெளுத்தி இந்த வேலைக்கு நல்ல மீன். தண்ணீரைவிட்டு எடுத்தாலும் வெகுநேரம் தாங்கும், அதனால் சந்தையில் பேசினில் உயிரோடு விற்பார்கள். அறுத்துக் குடலை உப்புக் கரைசலில் நீளவாக்கில் பிரித்தால் புழு இன்னும் நெளிந்துகொண்டிருக்கும். லைட்டோசெஸ்டஸ் இண்டிகஸ் என்ற இனத்தைச் சொல்கிறேன். 1925லேயே பெயர் பெற்றது, எட்டில் ஒன்றாகத் தேறியதும்கூட. பால்வெள்ளை, சில சென்டிமீட்டர் நீளம். நாடாப்புழு என்றால் துண்டு துண்டாக இருக்க வேண்டும் என்று படித்த கண்ணுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். இதில் துண்டே கிடையாது. தலையில் கொக்கி இல்லை, உறிஞ்சி இல்லை. முன்பக்கம் மெல்ல நீண்டு கூர்மையாகும், அடுத்த நொடி மொழுக்கென்று சுருங்கும், மறுபடி நீளும். ஒரே புழு ஒரு நிமிடத்துக்குள் நான்கு தலை காட்டும்.

இதன்மேல் கொதிக்கும் சூட்டில் 4 சதவீத ஃபார்மலினை ஊற்றினால் அந்தக் கணமே நேராக நீண்டு விறைத்துவிடும். இயல்பான வடிவம் அப்படியே நிற்கும். ஆறிய ஃபார்மலினில் போட்டால் சாவதற்குள் சுருண்டு குறுகிவிடும், கழுத்து இருந்த இடமே தெரியாது. ஐஸ் பெட்டியில் ஒருநாள் கிடந்த மீன் என்றால் புழு ஏற்கெனவே செத்து, ஊறி உப்பி, மேல்தோல் உரிந்து போயிருக்கும். மூன்றும் ஒரே இனம்தான். மூன்றையும் வரைந்து, தலை வடிவத்தையும் கழுத்து நீளத்தையும் வைத்துப் பிரித்தால் மூன்று பெயர் வந்துவிடும்.

(சூடான ஃபார்மலினை வீட்டுச் சமையலறையில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். புகைபோக்கி இருக்கும் ஆய்வகத்தில்கூடக் கண் எரியும்.)

ஜூன் 12

இன்னொரு காரணம் எனக்கு நேரடியாகத் தெரியும். முதுகலை ஆய்வுத் திட்டத்துக்கு மீன் குடல் அறுத்தவன் நான். கல்லூரி எது என்பது வேண்டாம். அங்கே வழக்கம் என்னவென்றால், புழுவை இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே வைத்து, தையல் நூலால் இறுக்கிக் கட்டி, அப்படியே ஃபார்மலினில் போடுவது. தட்டையாக இருந்தால் உள்ளுறுப்பு நன்றாகத் தெரியும் என்பது நியாயம். தெரியும்தான். ஆனால் நூலை எவ்வளவு இறுக்குகிறோமோ அந்த அளவுக்கு அகலம் கூடும். நான் கட்டியதும் பக்கத்து மேசைத் தோழி கட்டியதும் ஒரே மீனின் புழுக்கள். அளவுப் பட்டியலில் அகலம் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை.

வழிகாட்டி பட்டியலைப் பார்த்து மகிழ்ந்து போனார். "இது புதுசு மாதிரி இருக்கே" என்றார். அந்தக் காலத்தில் புது இனம் இல்லாத ஆய்வேடு பாதி ஆய்வேடு. ஸ்லைடில் "புதிய இனம்" என்று லேபிள்கூட ஒட்டியாயிற்று. பிறகு அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார், பெயர் சூட்டல் நின்றுபோனது. 59ஐ 60 ஆக்காமல் தடுத்தது ஒரு பணிமாறுதல் ஆணை.

அந்த ஸ்லைடுகள் இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். எந்த அருங்காட்சியகத்துக்கும் போகவில்லை. இது எங்கள் கதை மட்டுமல்ல. ஆஷ் குழு தேடியபோதும் பல இனங்களின் மூல மாதிரிகள் (பெயர் வைத்தபோது அடிப்படையாக வைத்துக்கொண்ட அதே புழுக்கள்) கிடைக்கவில்லை, அழிந்திருக்கலாம் என்றே எழுதினார்கள். மூல மாதிரி இல்லாமல் ஒரு பெயரைச் சரி என்றும் நிறுவ முடியாது, தப்பு என்றும் நிறுவ முடியாது. படம் நன்றாக இருந்தால் பிழைத்தோம். படமும் பெரும்பாலும் தட்டையாக நசுக்கியதைப் பார்த்து வரைந்ததுதான்.

ஜூன் 12, மாலை

கெளுத்தியோடு நிற்கவில்லை. வாளை மீனையும் அதன் கூட்டாளிகளையும் தொற்றும் கேஞ்ஜீசியா பேரினத்தில் இதே கதை இன்னும் கொடுமை. 2012ல் அதையும் திருத்தினார்கள். இலங்கை, இந்தியா, வங்கதேசம், தாய்லாந்து, கம்போடியா, இந்தோனேசியா என்று ஆறு நாட்டு மாதிரிகளை வைத்துப் பார்த்தால் 48 பெயர்களில் 4 தேறின.

கேஞ்ஜீசியாவுக்குத் தலையுச்சியில் வட்டமாகக் கொக்கிகள் உண்டு. அந்தக் கொக்கிகள் உதிரும். மீன் செத்து நேரமானால் நிறையவே உதிரும். கொக்கி எண்ணிக்கையை வைத்து இனம் பிரித்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 14

"அப்படியானால் நம் மீன்களில் நாடாப்புழு வகையே குறைவு என்கிறீர்களா" என்று முதலில் கேட்டவர் கொஞ்சம் கோபமாகவே வந்திருக்கிறார்.

இல்லை. பெயர்களை எண்ணினால் வகை தெரியாது என்கிறேன். எட்டு இனம் ஒரு கெளுத்திக்கு ரொம்ப நல்ல எண்ணிக்கை. அந்த எட்டும் ஒரே மாதிரி பிழைப்பு நடத்துவதில்லை என்பதைப் பாருங்கள். லைட்டோசெஸ்டஸ் குடல் சுவரில் லேசாகப் பிடித்துக்கொண்டு, தொட்டால் விலகும். ஜோம்பாங்கியா பெனட்ரன்ஸ் அப்படியில்லை. 1926ல் ஜாவாவிலிருந்து பெயரிடப்பட்ட இனம். தலையைக் குடல் சுவருக்குள்ளேயே புதைத்துவிடும். குடலைப் பிரிப்பதற்கு முன்பே வெளிப்பக்கம் சிறு முண்டு தெரியும், விரலால் தடவினால் கட்டியாக இருக்கும். உள்ளே பார்த்தால் அந்த முண்டிலிருந்து வெள்ளை உடல் மட்டும் தொங்கும். இழுத்தால் உடல் அறும், தலை உள்ளேயே நிற்கும். முண்டோடு வெட்டி எடுத்தால்தான் முழுப் புழு.

ஒரே குடல், ஒரே உணவு, பிடித்துக்கொள்ளும் விதம் மட்டும் வேறு. எனக்கு 59 என்ற எண்ணைவிட இது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஜூன் 15

யாரோ "புழு வாயால் கடித்து ரத்தம் குடிக்கும்" என்று எழுதியிருக்கிறார்கள். நாடாப்புழுவுக்கு வாயே கிடையாது. குடலும் கிடையாது. உடலின் மேல்தோல் முழுக்க நுண்ணிய முடிகள் மாதிரி நீட்சிகள் உண்டு, அவற்றின் வழியாக மீன் செரித்து வைத்ததை உறிஞ்சிக்கொள்ளும். ரத்தம் குடிப்பது வேறு புழுக்களின் வேலை.

ஜூன் 17, கொஞ்சம் நீளமாக

நன்னீர் மீன்களில் உண்மையான வகை எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் மூன்று நான்கு வாழ்க்கை முறைகளைச் சொல்வேன்.

துண்டில்லாதவை. கேரியோஃபில்லிட் குழு. நூற்றுச் சொச்சம் இனங்கள்தான். ஏறக்குறைய எல்லாமே கெண்டை வகையிலும் கெளுத்தி வகையிலும் வாழ்பவை. ஆண் பெண் உறுப்பு ஒரே ஒரு செட். சைக்ளாப்ஸ் (தண்ணீரில் நீந்தும் நுண்ணிய ஓட்டுடலி) வழியாகப் பரவாமல் சேற்றுப் புழுக்கள் வழியாகப் பரவுகின்றன, டியூபிஃபெக்ஸ் போன்றவை. மீன் நாடாப்புழுக்களில் இந்த வழி வேறு யாருக்கும் இல்லை. இந்தத் துண்டில்லாத உடல் ஆதி வடிவமா, துண்டுகளை இழந்து வந்ததா என்பது இன்னும் முடியாத வாதம். எனக்கு இதில் அபிப்பிராயம் உண்டு, இங்கே வேண்டாம், அடிதடி ஆகும்.

இந்தக் குழுவில் ஆர்கிஜெடீஸ் என்று ஒன்று இருக்கிறது. சேற்றுப் புழுவுக்குள்ளேயே வயதுக்கு வந்து முட்டையும் வைத்துவிடும். மீனே வேண்டாம்! மீன் ஒட்டுண்ணி என்று பாடம் நடத்தும்போது மாணவர்கள் முகம் கோணுவதைப் பார்க்கவே இதைச் சொல்வேன்.

அப்புறம் லிகுலா. இது மீனில் வயதுக்கு வருவதில்லை. சைக்ளாப்ஸில் தொடங்கி, மீனின் வயிற்றறையில் வளர்ந்து, மீனைக் கொத்தித் தின்னும் பறவையின் குடலில் போய்ச் சில நாளில் முட்டையிட்டு முடித்துக்கொள்ளும். வளர்ச்சி எல்லாம் மீன் செலவில்தான். குடலுக்குள் இல்லை, குடலுக்கு வெளியே, ஈரலுக்கும் சினைப்பைக்கும் நடுவே பட்டையாக மடிந்து கிடக்கும். மீனின் வயிறு சினைமீன் போல உப்பியிருக்கும், அறுத்தால் சினையே இருக்காது. இனப்பெருக்க உறுப்பு வளரவிடாமல் நிறுத்திவிடுகிறது. விக்டோரியா ஏரியில் கென்யாக்காரர்கள் ஒமேனா என்று காயவைத்து விற்கும் சின்ன வெள்ளிமீனில் இது சகஜம்.

மூன்றாவது, புரோட்டியோசெஃபாலிட் குழு. தலையில் நான்கு உறிஞ்சிகள். நம் கேஞ்ஜீசியா இந்த வகை. முந்நூறுக்கு மேல் இனங்கள், கெளுத்திகளில்தான் கூட்டம் அதிகம், அதிலும் தென் அமெரிக்காவில். ஃபிராக்டோசெஃபாலஸ் என்கிற சிவப்புவால் கெளுத்தியைக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பார்த்திருப்பீர்கள், குட்டியாக இருக்கும்போது அழகாக இருக்கிறது என்று வாங்கி, பிறகு தொட்டி போதாமல் தவிப்பார்களே, அதுதான். அமேசானில் அந்த ஒரு மீனின் குடலில் கிட்டத்தட்ட பத்து புரோட்டியோசெஃபாலிட் இனங்கள் இருக்கின்றன. இது பெயர்க் கணக்கு அல்ல. ஜெனீவா அருங்காட்சியகத்தின் அலன் ட ஷாம்பிரியேவும் கூட்டாளிகளும் பல ஆண்டு போய் வந்து, அறுத்து, சூடான ஃபார்மலினில் எடுத்து, மரபணுவும் பார்த்துச் சொன்னது. முதலில் கேட்டவர் தேடுகிற முதலிடம் இந்த மீனுக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஆம்ஃபிலினா இருக்கிறது, ஸ்டர்ஜன் மீனின் வயிற்றறையில் இலை மாதிரி கிடப்பது. நாடாப்புழு என்று யாராவது சொன்னால்கூட நம்ப முடியாது. தென் அமெரிக்க ஆறுகளின் திருக்கைகளில் கடல்திருக்கைப் புழுக்களின் உறவினர்கள் இருக்கின்றன, மீன் கடலைவிட்டு ஆற்றுக்குக் குடியேறியபோது கூடவே வந்தவை. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்று தூங்க முடியாது.

ஜூன் 18

"சாப்பிடலாமா?" இதை ஆறு பேர் கேட்டுவிட்டார்கள், ஒரே பதில்: கெளுத்தி, விரால், வாளைக் குடலில் பார்க்கும் இந்த வெள்ளைப் புழு மனிதனுக்குத் தொற்றாது. குடலோடு தூக்கிப் போட்டுவிடப் போகிறீர்கள், குழம்பும் கொதிக்கப் போகிறது.

மனிதனுக்கு வருவது வேறு குழு. வட ஐரோப்பா, ரஷ்யா, சுவிட்சர்லாந்து ஏரிகளில் பைக், பெர்ச் மீன்களின் சதையில் குஞ்சு நிலையில் இருக்கும் டைபோத்ரியோசெஃபாலஸ் லேட்டஸ். பழைய புத்தகங்களில் டைஃபில்லோபோத்ரியம் என்று இருக்கும், 2017ல் மாற்றினார்கள். பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ தின்றால் குடலில் பல மீட்டர் வளரும், வைட்டமின் பி12ஐப் பங்கு போட்டுக்கொள்ளும். ஐரோப்பியக் குடியேறிகளோடு தென் அமெரிக்காவின் தெற்குக்கோடி வரை போயிருக்கிறது. சமைத்தால் சாகும், நன்றாக உறையவைத்தாலும் சாகும்.

ஜூன் 18, பின்குறிப்பு

ஒருவர் படம் போட்டு "விராலில் நாடாப்புழு" என்று எழுதியிருக்கிறார். சிவப்பாக, நூல் போல, சதைக்குள் சுருண்டு கிடக்கிறது. அது நாடாப்புழு அல்ல. உருளைப்புழு, யூஸ்ட்ராஞ்சிலைடிஸ் குஞ்சு மாதிரி இருக்கிறது. பச்சையாகத் தின்றால் மனிதனுக்கும் தொந்தரவு தரும் ரகம். பச்சை விரால் தின்பவர் யாரும் இங்கே இல்லை என்று நம்புகிறேன். விராலின் உண்மையான நாடாப்புழு செங்கா பேரினம், குடலுக்குள் இருக்கும், வெள்ளை, துண்டுகள் உண்டு. விராலிலும் ஆராலிலும் பார்க்கலாம்.

செங்காவுக்கு ஒரு வேடிக்கை உண்டு. முதன்முதலில் 1934ல் பெயர் வைக்கப்பட்டது பாரிஸ் பக்கத்து வென்சென் மீன்காட்சியகத்தில் செத்த ஒரு சண்டைமீனிலிருந்து. ஆசியப் புழு, ஆசிய மீன், பிறப்புச் சான்றிதழ் மட்டும் பிரான்ஸில்.

ஜூன் 21

வகை பற்றிப் பேசும்போது அதற்கு நேர் எதிரான ஆளையும் சொல்ல வேண்டும். ஆசிய மீன் நாடாப்புழு. இப்போதைய பெயர் ஷைசோகோட்டைல் அக்கைலோக்னாதி, 1934ல் யமகுட்டி ஜப்பானில் விவரித்தது. இதயம் போன்ற தலை, இரண்டு பக்கமும் ஆழமான பள்ளம். அந்தப் பள்ளத்தால் குடல் மடிப்பைக் கவ்விக்கொள்ளும்.

மற்றப் புழுக்கள் எல்லாம் "எனக்கு இந்த மீன்தான், இந்த உறவினர் மட்டும்தான்" என்று பிடிவாதம் பிடிக்கும்போது இது முந்நூறுக்கு மேற்பட்ட நன்னீர் மீன் இனங்களில் கிடைத்திருக்கிறது. புல்கெண்டையை வளர்ப்புக்கென்று கிழக்காசியாவிலிருந்து உலகம் முழுக்க அனுப்பினார்கள், புழுவும் கூடவே போனது. கொசு ஒழிக்க விட்ட கம்பூசியா, கப்பி மீன்களும் உதவின. ஹவாய் ஓடைகள், ஆஸ்திரேலியா, மெக்சிகோவின் சுண்ணாம்புக் குகைக் குளங்கள் எல்லாம் போயாயிற்று. கொலராடோ ஆற்றில் வேறெங்கும் இல்லாத கூன்முதுகுச் சப் மீன் ஏற்கெனவே அழிவின் விளிம்பில் நின்றது, அதன் குடலிலும் 1990ல் பிடிபட்டது.

நம்மிடமும் புல்கெண்டை, சாதாக்கெண்டை இறக்குமதிகள்தானே. கெண்டைக் குஞ்சு வளர்க்கும் ஒரு நண்பரின் நாற்றங்கால் குளத்தில் குஞ்சுகள் மெலிந்து மேற்பரப்பில் மிதந்தபோது என்னைக் கூப்பிட்டார். விரல் நீளக் குஞ்சு. குடலின் முன்பகுதி தடித்துத் தெரிந்தது. கத்தரி வைத்ததும் வெள்ளை நாடா தானாகப் பிதுங்கி வந்தது, குடலில் உணவுக்கு இடமே இல்லை. தலையைப் பார்க்க லென்ஸ் போதும். இந்தப் புழு பெரிய மீனை அதிகம் கொல்வதில்லை, குஞ்சுக்குத்தான் எமன். குளத்தைக் காயவைத்துச் சுண்ணாம்பு போடச் சொன்னேன், சைக்ளாப்ஸ் ஒழிந்தால் சங்கிலி அறும்.

ஒரு புழு எங்கும் பரவுவதை "வகை கூடியது" என்று கணக்கு எழுதும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு ஆற்றின் பட்டியலில் ஒன்று கூடலாம். ஆறுகள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிக்கொண்டு வருகின்றன.

ஜூன் 22

அதே ரகத்தில் இன்னொன்று. அட்ராக்டோலைட்டோசெஸ்டஸ் ஹூரோனென்சிஸ், கெண்டைமீன் புழு. மிச்சிகன் ஹூரான் ஆற்றில் 1958ல் பெயரிடப்பட்டது, ஆனால் பூர்வீகம் ஆசியா என்றே நினைக்கிறார்கள். மூன்று தொகுதி குரோமோசோம்கள் உள்ள புழு, விந்தணு ஒழுங்காக உருவாகாது, துணை இல்லாமலே முட்டை வளரும். ஒரே ஒரு புழு போதும், புதுக் குளத்தில் குடித்தனம் தொடங்கிவிடும்.

ஜூன் 25

கொஞ்சம் யோசித்தேன். பெயர்களை வெட்டித் தள்ளுவதை மேலே ஒரேயடியாகக் கொண்டாடியிருக்கிறேன். மறுபக்கமும் உண்டு.

ஐரோப்பாவில் கேரியோஃபில்லீயஸ் பிராக்கிகாலிஸ் என்ற துண்டில்லாப் புழு. ஒரு மீனில் ஒரு உருவம், வேறு மீனில் வேறு உருவம். பார்த்தால் இரண்டு இனம் என்று சத்தியம் செய்வீர்கள். மரபணு ஒன்று. அதாவது மீனே புழுவின் உருவத்தை மாற்றுகிறது. நம் 59ல் சில இப்படியும் பிறந்திருக்கலாம், எல்லாப் பழியையும் நூல்கட்டின் மேல் போடக்கூடாது.

லிகுலாவில் தலைகீழ். உலகம் முழுக்க ஒரே பெயரில் திரிந்தது, பார்க்க ஒன்றேபோல் இருக்கும், மரபணு பார்த்தால் பல கிளைகள். இங்கே பெயர் போதவில்லை.

ஆக ஒரு மூலையில் பெயர் மிதமிஞ்சி, இன்னொரு மூலையில் பெயர் பற்றாமல். நம் நாட்டில் மிதமிஞ்சிய மூலைகள் எவை என்று பார்த்தால் எல்லாம் சந்தையில் சுலபமாகக் கிடைக்கும் பெரிய மீன்கள்: கெளுத்தி, வாளை, விரால், ஆரால். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் விரல் நீளத்துக்கு இருக்கும் சின்னச் சின்ன மீன்களை அறுத்தவர் யார்? ஒரு கிலோ வாங்க முடியாத மீனில் புழு தேட யாருக்கும் பொறுமை இல்லை. எனக்கும் இருந்ததில்லை.

ஜூன் 26

சவுத்வெல் யார் என்று கேட்டவருக்கு. (இந்த விவாத இழையின் நடுவில் யாரோ அவர் பெயரைச் சொல்லிவிட்டு ஓடிவிட்டார்கள்.) கேஞ்ஜீசியா பெங்கலென்சிஸ் இனத்துக்கு 1913ல் முதலில் பெயர் வைத்தவர். 1930ல் பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் நாடாப்புழுக்களுக்கு இரண்டு தொகுதி எழுதியவரும் அவர்தான். அதற்கு முன்பு இலங்கையில் மன்னார் முத்துக்குளிப்பில் வேலை. ஹெர்ட்மன், ஹார்னல் என்ற இரண்டு பிரிட்டிஷ் விலங்கியலாளர்கள் அங்கே முத்துச்சிப்பியை அறுத்து அறுத்து, முத்து உருவாவதற்குக் காரணம் சிப்பிக்குள் புகுந்த நாடாப்புழுக் குஞ்சு என்று ஒரு கொள்கை வைத்திருந்தார்கள். அது நிலைக்கவில்லை. ஆனால் அந்தச் சந்தடியில் மன்னார் வளைகுடாத் திருக்கைகளின் புழுக்கள் ஏராளமாகப் பதிவாகிவிட்டன. கடல் விவகாரம், இந்த இழைக்கு வெளியே. நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூன் 29

திருத்தம் என்று ஒருவர் கறாராக எழுதியிருக்கிறார்: "கிளாரியாஸ் பட்ராகஸ் இந்தியாவில் இல்லவே இல்லை." சரிதான், இப்போது அப்படித்தான் சொல்ல வேண்டும். நம் கெளுத்திக்கும் வழங்கிவந்த அந்தப் பெயரை 2008ல் இங், கோட்டலாட் என்ற மீன் ஆய்வாளர்கள் இருவரும் ஜாவா மீனோடு கட்டிப்போட்டார்கள். நம் கெளுத்தி இப்போது கிளாரியாஸ் மாகுர். அதனால்தான் இங்கே நான் கிளாரியாஸ், கெளுத்தி என்று பொதுவாகவே எழுதி வருகிறேன்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருப்பதை அவரே கவனிக்கவில்லை. 8 புழு இனங்களும் "ஒரே மீனுக்கு" என்று கணக்கிட்டவை. மேற்கு வங்க மீனும் இந்தோனேசிய மீனும் வெவ்வேறு இனம் என்றால் எந்தப் புழு எந்த மீனுக்கு என்று பிரித்து எழுத வேண்டியிருக்கும். எட்டு எட்டாகவே இருக்கும், ஒரு மீனுக்கு எட்டு என்பது குறையும். முதலில் கேட்டவருக்கு இது இன்னொரு இடி.

ஜூலை 2

வண்ணமீன் வளர்ப்பவர் கேள்வி: உயிருள்ள டியூபிஃபெக்ஸ் போட்டால் கெளுத்திக்குப் புழு வருமா?

வரலாம். துண்டில்லா நாடாப்புழுவின் இடைநிலை விருந்தோம்பியே அந்த இனம். சாக்கடை ஓரச் சேற்றில் அள்ளிவருவதால் பாக்டீரியாத் தொல்லை தனியாக உண்டு. ஆனால் அந்தச் சேற்றில் தொற்றிய மீனின் கழிவு கலந்திருந்தால்தான் புழு முட்டை டியூபிஃபெக்ஸுக்குள் போயிருக்கும். மீனே இல்லாத சாக்கடை என்றால் இந்தப் பயம் குறைவு, மற்ற பயங்கள் அதிகம். உறையவைத்ததை வாங்குங்கள்.

ஜூலை 6

முதுகலை மாணவர் ஒருவர் தனிமடலில் கேட்டது, மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயே. விரால் நாடாப்புழுவில் திட்டம் செய்யப்போகிறாராம், வழிகாட்டி "புது இனம் கிடைக்குமா பார்" என்றாராம். வரலாறு திரும்பி வருகிறது.

தம்பி, விராலை உயிரோடு வாங்குங்கள், அதுவும் கெளுத்தி மாதிரி தாங்கும் மீன்தான். அறுத்தவுடன் குடலைப் பிரியுங்கள், நாளைக்கு என்று ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். ஒவ்வொரு புழுவிலும் பின்பக்கத்தில் சின்னத் துண்டு வெட்டித் தூய எத்தனாலில் தனிக்குப்பியில், மிச்சம் சூடான ஃபார்மலினில். இரண்டு குப்பிக்கும் ஒரே எண். பிறகு மரபணு பார்க்க யாராவது கிடைத்தால் உருவமும் மரபணுவும் ஒரே புழுவினுடையது என்று சொல்ல முடியும். நூல் கட்டாதீர்கள். கார்மைன் சாயத்தில் கூடுதலாக ஊறவிட்டு அமில ஆல்கஹாலில் கழுவினால் முட்டைப்பையும் விரைகளும் பிரிந்து தெரியும். தெளியவைக்கக் கிராம்பு எண்ணெய், துறை முழுக்க மணக்கும், யாராவது பல்வலியா என்று கேட்பார்கள். பிறகு ஸ்லைடை மூடி ஒட்டக் கனடா பால்சம் பிசின்.

செங்காவில் ஏற்கெனவே நிறையப் பெயர்கள் இருக்கின்றன, பெரும்பாலும் வட இந்தியாவிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும். உங்கள் புழு எந்தப் பெயருக்குள் அடங்குகிறது என்று காட்டினாலே போதும். ஸ்லைடுகளில் ஒரு செட்டைக் கொல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பதிவு எண் வாங்குங்கள். வழிகாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரிந்ததில்லை.

பால்சம் காய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஸ்லைடைப் படுக்கையாகவே வையுங்கள்.